அந்தரத்து ஆள்

அக்காவோடு நான் முதன்முதலில் கோபித்தது ஒரு ஆறு ஓட்டத்துக்காக.

லண்டன் மோர்டனில் எங்கள் கழகம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் விளையாடும் மைதானம். கடைசிப் பந்து. வெல்ல ஐந்து ஓட்டம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன் என்று இப்போது சொல்லலாம்; அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போனது. பெடியள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து எனக்குக் கழகத்தில் பெயர் 'அந்தரத்து ஆள்'. அந்தரம் என்றால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அவசரம், பதற்றம், என்ன செய்வதென்று தெரியாத நேரம் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த நேரத்தில் கை நடுங்காமல் நிற்கிற ஆள் நான் என்று முப்பது பேர் சேர்ந்து முடிவு கட்டினார்கள். எனக்கு என்ன, கசக்குமா?

அந்த ஆறைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஸ்கோர் புத்தகம் எழுதும் அக்காவிடம் போனேன். அவர் வழக்கம்போல மடக்குக் கதிரையில், கணவருடைய பழைய கழகக் கோட்டைப் போட்டுக்கொண்டு இருந்தார். கோடை வெயிலிலும் அந்தக் கோட்டுத்தான். மடியில் புத்தகம். பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தல். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மூன்று பேனை. ஓட்டத்துக்குக் கறுப்பு, விக்கெட்டுக்குச் சிவப்பு, மூன்றாவது பச்சை.

என் ஆறு கறுப்பில் அழகாக இருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு பச்சைப் புள்ளி.

"உதென்ன அக்கா பச்சை?"

"கோட்டில நிண்ட பெடியன்ர கையில பட்டுத்தானே தம்பி போனது. கட்ச் விட்டவன். அதுதான்."

"விட்டா விட்டதுதானே? ஆறு ஆறுதானே?"

"ஆறு ஆறுதான். ஆர் இல்லையெண்டது? ஆனா நடந்ததை எழுத வேணும்."

ஸ்கோரில் வராதது, ஆனால் நடந்தது, அதுதான் அவருக்குப் பச்சை. மட்டையின் விளிம்பில் பட்டு நாலாகப் போனது, நடுவர் பிழையாகக் கொடுத்தது, கைக்குள் வந்து விழுந்தது எல்லாம் பச்சையில் இருக்கும். லண்டன் முழுக்க இத்தனை தமிழ்க் கழகம் இருக்கிறது, ஒருவரும் இப்படி எழுதுவதில்லை. படம் எடுக்காமலே திரும்பி வந்தேன். அந்தப் புள்ளியோடு அதை யாருக்கு அனுப்புவது?

அக்கா யாழ்ப்பாணத்தில் கணக்குப் படித்து, படிப்பை முடிக்க விடாமல் சண்டை துரத்தி, பாரிசில் சில வருடம் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு கணவரோடு இங்கே வந்தவர். மோர்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கணவர் எங்கள் கழகத்தில் விளையாடினார். ஸ்கோர் எழுத ஆளில்லை என்று ஒருநாள் புத்தகத்தை அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனோம், அவ்வளவுதான். கணவர் செத்த பிறகும் வந்தார். அந்தச் சாவும் அந்த மைதானத்தில்தான். முப்பத்திநாலு ஓட்டத்தோடு நின்ற மனிசன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அக்கா கதிரையை விட்டு எழும்பிப் போய், ஆம்புலன்ஸ் வரும்வரை தலையை மடியில் வைத்திருந்தார். ஒரு சத்தம் போடவில்லை. அடுத்த மாதம் திரும்பி வந்து, பாதியில் நின்ற அந்தப் பக்கத்தை எடுத்து, கணவரின் பெயருக்கு நேரே 'ஆட்டமிழக்கவில்லை' என்று எழுதினார். பாசத்தில் எழுதினார் என்று நாங்கள் நினைத்தோம். சட்டப்படியும் அதுதான் சரி என்று பிறகுதான் யாரோ சொன்னார்கள்.

சரி, எங்கள் சண்டைக்கு வருகிறேன்.

ஒரு மாரியில் கழகத்தின் ஆண்டுக் கூட்டம். மட்டன் ரோல்சும் தேத்தண்ணியும். அடுத்த கோடைக்கு யார் எத்தனையாவதாக மட்டை பிடிக்க இறங்குவது என்று கதை வந்தது. கப்டன் குகன் என்னை வழக்கம்போல ஆறாவதில் போட்டான். பின்னால் இருந்து அக்கா கையை உயர்த்தினார். அவர் கூட்டத்தில் பேசி அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"தம்பி குகன், இவரை மூண்டாவதா இறக்கினா என்ன?"

"ஐயோ அக்கா, அவன் அந்தரத்துக்கு வேணும். முதலே இறக்கிப்போட்டு, கடைசியில ஆரைத் தேடுறது?"

அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அத்தனை வருடப் புத்தகத்தையும் பிரித்து, இழுபறியாக முடிந்த ஆட்டங்களை ஒரு பக்கமும், சும்மா வென்ற, சும்மா தோற்ற ஆட்டங்களை மறுபக்கமுமாக வைத்து, நான் அடித்ததையெல்லாம் கூட்டிப் பிரித்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒண்டுதான் வருது," என்றார். "நல்லா விளையாடுற பிள்ளை. அந்தரத்திலயும் அதேயளவு நல்லா விளையாடுது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"அப்ப நான் வெண்டு குடுத்ததெல்லாம் சும்மாவோ அக்கா?"

"சும்மா இல்லை. நீர் கெட்டிக்காரன் தம்பி. அந்தரத்துக்கெண்டு தனிக் கெட்டித்தனம் ஒண்டு இல்லை எண்டுதான் சொல்லுறன். நல்ல மட்டையைக் கூட நேரம் நிக்க விட வேணும். நீங்கள் அவரைக் காலுக்குப் பாட் கட்ட வைச்சு மரத்துக்குக் கீழ இருத்தி வைச்சிருக்கிறியள். எத்தினை ஞாயிறு ஒரு பந்தும் விளையாடாமல் வீட்டை போனவர் எண்டும் எழுதி வைச்சிருக்கிறன்."

"எனக்குத் தெரியும் அக்கா. கடைசி ஓவரில எனக்குப் பந்து தேங்காயளவு தெரியும்."

"நம்புறன். அவுட் ஆன நாளிலயும் அப்பிடித்தான் தெரிஞ்சதோ?"

யோசித்துப் பார்த்தேன். அவுட் ஆன நாள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அந்த மனிசி பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் எழுதி வைத்திருக்கிறது, எனக்கு வென்றது மட்டும்தான் நினைவிருக்கிறது! குகன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். நான் ஆறாவதிலேயே இருந்தேன். அடுத்த இரண்டு மாதம் அக்காவோடு கதைக்கவில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் போத்தல் மூடியில் தேத்தண்ணி ஊற்றி, "சீனி போட்டிருக்கு" என்று நீட்டுவார். வாங்கிக் குடித்துக்கொண்டே கதைக்காமல் இருந்தேன். எப்படிப்பட்ட ஆள் நான், பாருங்கள்.

ரூபனின் கதை அதற்கு அடுத்த கோடை. தோர்ண்டன் ஹீத்தில் இருந்து வரும் பெடியன், சத்தமில்லாத ஆள். ஒரு இறுதி ஆட்டத்தில் இரண்டு ஓட்டம் எடுக்க வேண்டிய இடத்தில் அவுட் ஆனான். அதற்கு முன்னமும் இரண்டு தரம் அப்படி ஆனவன். கழகத்து வட்ஸ்அப்பில் ஒருவன், "ரூபன் இறங்கினா ஆம்புலன்சுக்கு முதலே சொல்லி வையுங்கோ" என்று போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணீர் வரச் சிரிக்கிற படம் ஒன்றைப் போட்டேன். ரூபன் வருவதை நிறுத்திவிட்டான்.

அக்கா புத்தகங்களைச் சாமான் வாங்கும் தள்ளுவண்டிக்குள் போட்டு, பஸ் மாறி மாறித் தோர்ண்டன் ஹீத்துக்குப் போனார். அவன் வீட்டு மேசையில் விரித்துக் காட்டினாராம். இழுபறியான ஆட்டத்தில் அவன் எட்டுத் தரம் இறங்கியிருக்கிறான். ஐந்தில் நின்று பிடித்திருக்கிறான். அந்த ஐந்தையும் ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை, அவனும்கூட. அவன் இதைப் பிறகு என்னிடம் சொன்னபோது அக்காவைப் போலவே சொல்லிக் காட்டினான்: "மூண்டு பந்தை வைச்சு ஒரு மனிசனைப் பயந்தவன் எண்டு எழுதேலாது தம்பி. அவ்வளவு காணாது."

ரூபன் திரும்பி வந்தான். அக்கா எனக்கு அதைப் பற்றி ஒன்றுதான் சொன்னார்.

"நீரும் சிரிச்சனீர் தானே?"

"அது பகிடிக்கு அக்கா."

"ஓம். பகிடிதான்," என்று பேனையைத் திறந்தார்.

இதையெல்லாம் சொல்கிற அக்காவையே ஊர் 'அந்தரத்து ஆள்' ஆக்கி வைத்திருந்தது என்பதுதான் வேடிக்கை. யாருக்காவது அகதி வழக்கில் நேர்காணல் என்றால் அக்கா. பிள்ளைப்பேற்று வலி என்றால் அக்கா. ஆஸ்பத்திரியில் உடலை அடையாளம் காட்ட வேண்டும், வீட்டுக்காரருக்கு ஏலாது என்றால், அக்கா. கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் இருந்ததைப் பார்த்த ஆட்கள், இந்த மனிசிக்கு நெஞ்சுரம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். போன் வந்தால் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். கலியாணத்துக்கும் பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்கும் அவருக்குக் கார்ட் கொடுக்க மறந்துபோகும் வீடுகளும் செத்தவீட்டுக்கு முதல் போன் அவருக்குத்தான் எடுக்கும். எங்கள் வீடும் அதில் ஒன்று. என் மூத்தவளின் சடங்குக்கு நான் மறந்துதான் போனேன்.

கோபம் தீர்ந்த பிறகு சில தரம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஒருநாள் ஹவுன்ஸ்லோவில், விமான நிலையத்தில் என்னோடு வேலை செய்கிறவனின் தாய் செத்த வீடு. இரண்டு மணித்தியாலம் அந்தக் குடும்பத்தையே அக்கா தாங்கிப் பிடித்திருந்தார். திரும்பும் வழியில், "தம்பி, ஒருக்கா ஓரமா நிப்பாட்டும்" என்றார். இறங்கிப் போய் வேலியோரம் சத்தி எடுத்தார். நான் தண்ணிப் போத்தலோடு ஓடினேன்.

"என்ன அக்கா, சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

"இல்லையடா. எல்லாத் தரமும் இப்பிடித்தான். வாற வழியில வரும்."

"பிறகேன் போறியள்?"

"கூப்பிடுகினம்." வாயைத் துடைத்தார். "முதல்தரம் என்னவோ நிண்டிட்டன். பிறகு அது என்ர வேலையாப் போச்சு. அக்கா, உங்களுக்குப் பயமில்லையோ எண்டு ஒரு ஆள், ஒரு ஆளாவது கேட்டிருக்குதோ?"

என்னை முதல்தரம் 'அடா' என்றது அன்றைக்குத்தான். நானும் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. காரை எடுத்தேன்.

போன வருடம், மாசி மாதம் என்று நினைக்கிறேன், அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, செவ்வாய்க்கிழமை காலமை நேரம் இருக்குமோ? ஒரு ஸ்கானின்ர முடிவு சொல்லக் கூப்பிட்டிருக்கினம். இங்கிலிஷ் எனக்கு விளங்கும். பக்கத்தில இருந்தாக் காணும்."

"உங்கட மகள் வரேல்லையோ?"

"அவள் மான்செஸ்டரில வேலையில நிக்கிறாள். முடிவு தெரியாமல் அந்தரப்படுத்தக் கூடாது. மற்ற ஆக்களைக் கூப்பிட்டா, நான் அழமாட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு வந்திருப்பினம். நீரெண்டா என்னோட கோவிச்ச ஆள்." சிரித்தார். "அதோட நீர்தானே அந்தரத்து ஆள்!"

அந்தப் பெயரை அவர் சொன்னது அது ஒரே தரம்தான்.

ஷிப்ட் மாற்றினேன். நேரத்துக்கு முன்னமே ஆஸ்பத்திரி கார் பார்க்குக்குப் போய்விட்டேன். பார்க்கிங் டிக்கட் எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, திரும்பவும் காருக்குள் ஏறி இருந்தேன். ஐந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கை ஸ்டியரிங்கை விடவில்லை. அந்த அறையில் ஒரு டொக்டர் வாயைத் திறக்கும்போது அக்காவின் முகம் எப்படி மாறும், அதை நான் பார்க்க வேண்டுமே என்று மட்டும்தான் நினைப்பு ஓடியது. நேரம் பத்தாகியது. பத்தேகால் ஆகியது. போன் ஒரு தரம் அடித்தது, நான் எடுக்கவில்லை. இப்போது ஓடினாலும் பிந்தவில்லை என்று ஒவ்வொரு நிமிடமும் எனக்கே சொன்னேன். பிறகு காரை ஸ்டார்ட் பண்ணி வீட்டுக்கு வந்துவிட்டேன். தேங்காயளவுப் பந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குப் பயம் வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

பின்னேரம் போன் எடுத்தேன்.

"அக்கா, வாற வழியில கார் ஹவுன்ஸ்லோவிலயே நிண்டிட்டுது. போனிலயும் சார்ஜ் இல்லை..."

"பரவாயில்லைத் தம்பி. காரெண்டா அப்பிடித்தான்," என்றார். பிறகு, "சாப்பிட்டீரோ?" என்றார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"நல்ல செய்தி இல்லை," என்றார்.

அடுத்த கிழமையிலிருந்து செவ்வாய் தவறாமல் நான்தான் கூட்டிப்போனேன். மருந்து ஏற்றும்போது பக்கத்தில் இருந்தேன். சில நாள் ஒழுங்காக இருந்தேன், பகிடி விட்டேன், நேர்சிடம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஒருநாள் அழுதுவிட்டேன், நேர்ஸ் நோயாளியை விட்டுவிட்டு எனக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தாள். "இண்டைக்கு நீர் டக் அவுட்," என்றார் அக்கா காரில். "வாற கிழமை பாப்பம்." அந்த முதல் செவ்வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன். வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது வாய் வரைக்கும் வரும். "போட்டு வாறன் அக்கா" என்றுதான் வெளியில் வந்தது.

ஆவணியில் ஒரு ஞாயிறு, மைதானத்துக்கு வர வேண்டும் என்றார். சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். அந்தக் கோட்டு இப்போது அவருக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. நான் குகனிடம் போய், என்னை மூன்றாவதாக இறக்கு என்றேன். அவன் அக்காவைப் பார்த்தான், சரியென்றான். நான் மட்டையோடு அவரைத் தாண்டிப் போகும்போது, "எட, மூண்டாவதா!" என்று புத்தகத்தை நிமிர்த்தி வைத்தார். முதல் பந்திலேயே அவுட். தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அவர் சிவப்புப் பேனையை மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரு பந்துதானே தம்பி," என்றார். அவ்வளவு சந்தோசமாக அவரை நான் வேறு எந்த நாளும் பார்க்கவில்லை.

புரட்டாதியில் ஒரு விடியற்காலை போய்விட்டார். மகள் ரெயிலில் வந்துகொண்டிருந்தாள். நான் ஷிப்டில் நின்றேன். ஊரில் எத்தனை பேரின் அந்தரத்துக்கு ஓடிய மனிசி, அவருடைய அந்தரத்தில் எங்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை. செத்தவீட்டுக்கு முதல் போன் யாருக்கு எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, மகள் ஸ்கோர் புத்தகங்களையெல்லாம் கழகத்துக்கு என்று தள்ளுவண்டியோடு கொண்டுவந்து தந்தாள். ஒன்றை மட்டும் தனியாகக் கையில் வைத்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் கதைக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கும்.

"மாமா, திஸ் ஒன் மாட்ச் இல்லை. அம்மா ஹொஸ்பிட்டல் போன டேஸ் எல்லாம் இதுக்குள்ள இருக்கு. உங்கட நேமும் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கு ஒரு வரி. திகதி, என்ன மருந்து, டொக்டர் சொன்னது எல்லாம் கறுப்பில். சத்தி எடுத்த நாளும் காய்ச்சல் வந்த நாளும் சிவப்பில். யார் வந்தது என்று ஓரத்தில் பச்சையில். 'தம்பி வந்தவர்.' 'தம்பி வந்தவர்.' 'தம்பி வந்தவர், அழுதவர்.' பக்கத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி முதல் வரிக்குப் போனேன். அந்தச் செவ்வாய். கறுப்பில் டொக்டர் சொன்ன நோயின் பெயர். ஓரத்தில் பச்சை.

'தம்பி வந்தவர். கார் பார்க் வரைக்கும்.'

பஸ் தரிப்பு அந்தக் கார் பார்க்கின் வாசலில்தான் இருக்கிறது. பஸ்ஸால் இறங்கி, என் காரைத் தாண்டித்தான் அவர் நடந்து போயிருக்க வேண்டும். என் கை ஸ்டியரிங்கில் இருந்ததைப் பார்த்திருக்கிறார். கண்ணாடியில் தட்டவில்லை. அத்தனை செவ்வாயும் பக்கத்துச் சீட்டில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரவில்லை என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

"மாமா, ஏன் கார் பார்க்? ஐ டோன்ட் கெட் இட்."

டிக்கட் எடுக்கப் போனேன் என்று சொல்லலாம். நம்பியிருப்பாள். பச்சை எழுத்து என் கையில் திறந்தபடி இருந்தது.

"அண்டைக்கு நான் உள்ளுக்குப் போகேல்லைப் பிள்ளை. எனக்குப் பயம் வந்திட்டுது. காருக்குள்ளேயே இருந்திட்டுத் திரும்பிப் போட்டன். அம்மாவுக்குக் கார் பழுதெண்டு பொய் சொன்னனான்."

அவள் என்னைப் பார்த்தாள். தாயின் கண்தான்.

"அப்ப அம்மா தனியாவோ உள்ளுக்குப் போனவா?"

"ஓம் பிள்ளை," என்றேன். "தனியாத்தான் போனவா."